நோயாளியாக ஒருவர்

கண்ணாடி உடைந்த ஜன்னல்கள் வழியே கடற்காற்று வார்டுக்குள் புகுந்து, பெயின்ற் உரிந்த சுவர்களைத் தடவிக்கொண்டு போகிறது. கப்பலில் வந்த குடியேறிகளை அம்மை நோய்க்குப் பயந்து மறித்துவைத்த சிட்னி ஆஸ்பத்திரி, இந்த 1976இல் ஆளற்றுக் கிடக்கிறது. சுற்றிப் பார்க்க வந்த பன்னிரண்டு பேரில் சேலை கட்டியவள் இரத்தினேஸ்வரி மட்டும்தான். அவள் நெஞ்சருகே தலைகீழாகக் குத்தியிருக்கும் தாதிமாரின் சின்ன மணிக்கூடு வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமையிலும் ஓடுகிறது. வழிகாட்டி வில்சன் நேரே அவளைப் பார்த்து, அங்கிருக்கும் ஒரே இரும்புக் கட்டிலைத் தட்டுகிறார். "குடியேறி நோயாளியாக நீங்கள் படுத்துக் காட்டுங்களேன்." எல்லாத் தலைகளும் திரும்புகின்றன. "போய்ப் படுமன், அந்தாள் பகிடிக்குத்தானே கேக்குது," என்று கணவர் குலவீரசிங்கம் காதோடு சொல்கிறார். அவள் கட்டிலைப் பார்க்கிறாள். விரிப்பு ஒரு பக்கம் தொங்குகிறது. "இந்தப் படுக்கையில நான் ஒருத்தரையும் படுக்க விடமாட்டன்." கைப்பையைக் கணவரிடம் திணித்துவிட்டு விரிப்பை ஓங்கி உதறுகிறாள், தூசி வெயிலில் பொன்னாய்ப் பறக்கிறது. நான்கு மூலைகளையும் சாய்வாக மடித்து மெத்தைக்கடியில் செருகுகிறாள். சுருக்கமென்று ஒன்றுகூட இல்லை. பிறகு நிமிர்ந்து, ஆங்கிலத்தில், வார்டுக் குரலில் சொல்கிறாள்: "நான் நர்சிங் சிஸ்டர். நோயாளி நீங்கள்தான். சப்பாத்தைக் கழற்றுங்கள்." வில்சன் சிரிக்கப் பார்க்கிறார், வரவில்லை. முகம் சிவக்கச் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் படுக்கிறார். அவர் மணிக்கட்டில் நாடி பிடித்தபடி அவள் மணிக்கூட்டைப் பார்க்கிறாள். குலவீரசிங்கம் கைப்பையை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறார். யாரோ கிசுகிசுக்கிறார்கள். "சத்தம் வேண்டாம்," என்கிறாள் அவள், கண்ணை எடுக்காமல். "இன்னும் அரை நிமிடம்."