மாமன் மடி

“மாமன் மடி இல்லாம எம் பேத்திக்குக் காது குத்த மாட்டேன். அவ்வளவுதான்!”

அக்காவின் மாமியார் செல்லக்கனி போனை வைத்துவிட்டாள். சென்னையை அடுத்த ஒரகடத்தில், கம்பெனி வாசலில் பேச்சிராஜ் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

நாளை தூத்துக்குடியில் அவன் அக்கா வேல்விழியின் குழந்தைக்குக் காதுகுத்து. ஒற்றைப்படை மாதத்தில்தான் குத்த வேண்டும்; நாளையோடு பதினோராம் மாதம் முடிகிறது, தள்ளிப்போட முடியாது. தாய்மாமன் என்று இருப்பது இவன் ஒருவன்தான். கொடுத்த லீவைக் கடைசி நேரத்தில் பிடுங்கிக்கொண்டார் சூப்பர்வைசர் தசரதன்.

“நான் இன்னா பண்றதுப்பா? நாளைக்கு லோடு போயே ஆவணும். லைன்ல ஆளு இல்ல.”

“அக்கா மாமியா சொன்னதக் கேட்டியால?” என்றான் பேச்சிராஜ், கூடத் தங்கியிருக்கும் மணிகண்டபிரபுவிடம். “சொந்தக்காரவுக முன்னால அக்காவைத் தலைகுனிய வச்சிருவாவ.”

“கல்நெஞ்சக்காரியா இருப்பா போலயே! ஏல, ஷிப்டு முடிச்சிட்டு பிளைட்டுல போயேன். ஒண்ணரை மணி நேரம்தான.”

“ஷிப்டு முடியவே மூணு மணி. ஏர்போர்ட்டுக்குப் போயி, ஏறி எறங்குறதுக்குள்ள இருட்டிரும். அப்புறம் எந்த ஆசாரி காது குத்துவான்?”

அன்று அக்காவுக்கு எத்தனை முறை போட்டும் போனை எடுக்கவில்லை. அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் லைனில் கை ஸ்க்ரூ முறுக்கியது. மனசு முழுக்கத் தூத்துக்குடியில் இருந்தது.

ஷிப்ட் முடிந்து வெளியே வந்தவனை செக்யூரிட்டி மடக்கினார். “உன்னத் தேடிகினு ஒரு அம்மா வந்துகீதுப்பா. ஒக்காருன்னா ஒக்கார மாட்டேங்குது.”

பஸ் ஸ்டாப் நிழலில் வேல்விழி. இடுப்பில் பட்டுப்பாவாடையோடு குழந்தை. பக்கத்தில், தேங்காய் பழப் பையோடு செல்லக்கனி!

“எக்கா! எப்பக்கா கிளம்புனீய?”

“காலைல இட்லி தின்னுட்டுத்தாம்ல. நேத்தே சொல்லிருப்பேன், அத்தை விடல.”

அறுநூறு கிலோமீட்டர். பஸ்ஸில் ராத்திரி முழுக்க முழங்காலை மடக்கிக்கொண்டு அவன் கடக்கிற தூரம். குழந்தையின் தலையில் ஊரில் வைத்த பிச்சிப்பூ இன்னும் வாடவில்லை. பேச்சிராஜ் அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனால் நம்பவே முடியவில்லை.

“பிளைட்டுலயா? அத்தையுமா?”

“ராட்டினத்தைப் பாத்தாலே கண்ண மூடிக்கிடுவாவ. ஏறுனதுல இருந்து என் கையை விடல. மேகம் கீழ கெடக்குன்னு சொன்ன பொறவுதான் கண்ணத் தொறந்தாவ. அப்புறம் ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பணுமே! கும்பிட்டுக்கிட்டே வந்தாவ. இந்தா, ஏர்போர்ட்டுல இருந்து ஒரகடம் வாரதுக்குத்தான் ரொம்ப நேரமாச்சு.”

“மேகக் கதையெல்லாம் அப்புறம் பேசலாம்,” என்றாள் செல்லக்கனி. “பக்கத்துல சேரப்பணஞ்சேரி கோயில்ல, போன்லயே சொல்லிவச்ச ஆசாரி காத்துக் கெடக்காரு.”

கூட வந்திருந்த மணிகண்டபிரபு அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான்.

“அத்தை, நேத்து போன்ல நீங்க அவ்வளவு கோவமா...” என்று இழுத்தான் பேச்சிராஜ்.

“ஆமா, மாமன் மடி இல்லாம குத்த மாட்டேன்னுதான் சொன்னேன். வேலையை விட்டுட்டு வான்னு சொன்னேனா? உம் பொழப்பைக் கெடுத்தா எம் பேத்திக்குக் காது குத்தணும்? மடி வர முடியலைன்னா, பிள்ளை வந்துட்டுப் போவுது. நடய்யா, பொழுது சாயப் போவுது!”