செவ்வாய்க்கிழமை முதல் யூதன்

“நீ யூதனா?”

“ஆமா, பாஸ்டர்.”

“எப்போலேருந்து?”

“செவ்வாய்க்கிழமையிலேருந்து.”

பாஸ்டர் ஹார்லன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மிசௌரியில் ஒரு மாநிலச் சிறையில் பத்தொன்பது வருடமாகக் கைதிகளின் சமய விஷயங்களைக் கவனிப்பவர். எதிரே நின்ற லெஸ்டர் பிரூட், கார் திருடி ஏழு வருடம் வாங்கியவன். ஆறேகால் அடி உயரம்.

“போன வருஷம் நோன்பு மாசத்துல முஸ்லிம்னு எழுதிக் கொடுத்தே.”

“பேரீச்சம்பழம் நல்லா இருந்துச்சு.”

“அதுக்கு முன்னாடி புத்த மதம்.”

“உக்காந்துக்கிட்டே கண்ணை மூடலாம்னு சொன்னாங்க.”

“இப்ப கோஷர் சாப்பாடு வேணுமாக்கும்?”

“யூத முறைப்படி சமைச்சு, முத்திரை வச்ச டப்பாவுல வருதாமே. எழுதிக்கோங்க.”

பாஸ்டர் எழுதினார். ‘நிராகரிக்கப்பட்டது.’

லெஸ்டர் சும்மா இருக்கவில்லை. சிறை நூலகத்தில் உட்கார்ந்து, பதினோரு பக்கம் கையாலேயே எழுதி, ஃபெடரல் நீதிமன்றத்துக்கு மனு போட்டுவிட்டான். வரிக்கு வரி எழுத்துப் பிழை. ஆனால் மத உரிமை தரும் ‘அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம்’ என்பதை மட்டும் ஏழு இடத்தில் பிழையில்லாமல் எழுதியிருந்தான்.

நீதிபதியிடமிருந்து உத்தரவு வந்தது. ஒருவருடைய மதம் சரியா தப்பா என்று பார்ப்பது அரசாங்கத்தின் வேலை இல்லை. மனமாரச் சொல்கிறாரா என்று மட்டும் பார்க்கலாம். அதனால் ஒரு மாதம் சாப்பாட்டைக் கொடுத்து, கவனித்து, அறிக்கை அனுப்ப வேண்டும்.

சிறைக் கண்காணிப்பாளர் லோரெய்ன் அந்தக் காகிதத்தைப் பாஸ்டர் பக்கம் தள்ளினாள்.

“ஆளு டூப்புன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கையும் களவுமாப் பிடிச்சுக் கொடுங்க, பாஸ்டர். மத்ததை நான் பாத்துக்கறேன்.”

“இந்த ஞாயித்துக்கிழமை காலையில பன்றி சாசேஜ், மேடம். யூதங்க தொடக்கூடாதது.”

“அப்ப ஞாயித்துக்கிழமையே முடிஞ்சுது அவன் மதம்.”

இருவரும் சிரித்துக்கொண்டார்கள்.

ஞாயிறு காலை சாப்பாட்டுக் கூடத்தில், காப்பிக் கோப்பையோடு ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார் பாஸ்டர்.

லெஸ்டர் டப்பாவை வாங்கிக்கொண்டு மூலை மேஜைக்குப் போனான். அங்கே எப்போதும் போல மில்டன் என்கிற கிழவர். செக்கில் கள்ளக் கையெழுத்துப் போட்டு உள்ளே வந்தவர், யாரோடும் பேசமாட்டார். லெஸ்டர் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஏதோ செய்தான். சற்று நேரத்தில் அவன் கை வாய்க்குப் போனது. கையில் சாசேஜ்.

மூன்றாவது கடிக்குப் பாஸ்டர் பக்கத்தில் வந்துவிட்டார்.

“கோஷர்ல பன்னி எப்ப சேர்ந்துச்சு, லெஸ்டர்?”

லெஸ்டர் நிதானமாக மென்று விழுங்கினான்.

பாஸ்டர் டப்பாவை எட்டிப் பார்த்தார். காலி. அதிலிருந்த கோழியும் ரொட்டியும் கிழவரின் காகிதத் தட்டில் இருந்தன.

கிழவர் இடது உள்ளங்கையை உச்சந்தலையில் வைத்திருந்தார், அரிப்புக்குச் சொறிகிற மாதிரி. உதடு மட்டும் அசைந்தது. இறையியல் கல்லூரியில் எபிரேயம் படித்த பாஸ்டருக்கு, அந்த முணுமுணுப்பில் இரண்டு சொல் பிடிபட்டது. சாப்பிடுமுன் யூதர்கள் தலையை மூடிக்கொண்டு சொல்லும் நன்றி ஜெபம்.

பாஸ்டர் குரலைத் தாழ்த்தினார்.

“இவரே கேட்டிருக்கலாமே?”

“கேட்டா பேரைச் சுவத்துல ஒட்டுவீங்க.”

லெஸ்டர் நடு மேஜையைக் கண்ணால் காட்டினான். ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு பேர் கழுத்திலும் பச்சை குத்திய நாஜிச் சின்னம். இரண்டு வருடத்துக்கு முன் கோஷர் பட்டியலில் கடைசியாக இருந்தவனை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனது பாஸ்டருக்கு ஞாபகம் வந்தது. பட்டியலை ஒட்டுகிறவர் அவர்தான்.

“நாலு வருஷமா வெறும் ரொட்டி, ஆப்பிள். அவ்வளவுதான் சாப்பிடுறார்” என்றான் லெஸ்டர். “என் கட்டிலுக்கு மேல் கட்டில். ராவெல்லாம் இவரு வயிறு கத்துது, பாஸ்டர். எனக்குத் தூக்கம் கெடுது.”

“இப்ப உன் பேரு சுவத்துல இருக்கே.”

“ஒரு பல்லு போச்சு. மிச்சம் முப்பத்தொண்ணு இருக்கு.”

கிழவர் நிமிரவே இல்லை. ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கன்னம் நனைந்திருந்தது.

பாஸ்டர் காப்பியைக் குடிக்காமலேயே திரும்பிப் போனார். போகிற வழியில் சுவரிலிருந்த பட்டியலைக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை லோரெய்ன் பேனாவைத் திறந்து தயாராக வைத்திருந்தாள்.

“மாட்டினானா?”

பாஸ்டருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. வார்த்தை வார்த்தையாகச் சொன்னார்.

“பக்கத்துல நின்னு என் கண்ணால பார்த்தேன், மேடம். அந்த டப்பாச் சாப்பாட்டை எபிரேயத்துல ஜெபம் சொல்லிச் சாப்பிடுற ஆளு, சத்தியமா அசல் யூதர்தான். அப்படியே எழுதிக்கோங்க.”