ஃபில்ஃபிலின் தொண்டை

"ஆசிட், டாக்டர், ஆசிட்! வாயில்லாத ஜீவனுக்கு ஆசிட் வச்சிருக்கான் இந்தக் கொலைகாரன்!"

இனாயத் டீச்சர் போட்ட சத்தம் கால்நடை கிளினிக் வாசலைத் தாண்டிக் கேட்டது. வாசலில் மீன் சந்தைத் தெருவே கூடி நின்றது. அலெக்ஸாண்ட்ரியாவில் பூனை விஷயம் என்றால் சும்மாவா?

மேஜை மேல் எலும்பும் தோலுமாய் ஃபில்ஃபில், தெருவுக்கே செல்லமான கறுப்புப் பூனை. கதவோரம் பேட்டரி மெக்கானிக் ஷஹாத்தா. அவருடைய சட்டைக் காலர் கிழிந்திருந்தது. டீச்சர் இழுத்து வந்த வேகம் அப்படி.

"கொஞ்ச நாளா எதைத் தின்னாலும் அப்படியே வெளிய தள்ளுது. நேத்து இவன் கடைக்குப் பின்னால போய்ப் பார்க்கிறேன், ஒரு தட்டுல கலங்கலாத் தண்ணி. ஃபில்ஃபில் நக்கிட்டிருக்கு. பேட்டரி கடையில வேற என்ன தண்ணி இருக்கும், நீயே சொல்லு!"

"அது சூப்பு டீச்சர், வல்லாஹி..."

"வாயை மூடு! சத்தியம் வேற பண்றான்! பூனை முடி வண்டி சீட்டுல ஒட்டுதுன்னு துடைப்பத்தைத் தூக்கினவன்தானே நீ?"

ஷஹாத்தா கதவோடு ஒட்டிக்கொண்டார்.

டாக்டர் நெர்மின் பூனையின் வாயைத் திறந்து பார்த்தார். அந்தத் தெருவில் பாதிப் பேரைப் போல அவரும் டீச்சரிடம் படித்தவர். எக்ஸ்ரேயில் தெரிகிற வெள்ளை மருந்தைத் தீனியில் குழைத்துப் பூனைக்கு ஊட்டினார். எக்ஸ்ரே எடுத்தார். படத்தைத் திரையில் காட்டினார்.

"இந்த வெள்ளைதான் தீனி. இதோ, நெஞ்சுக்கு நடுவுல பாருங்க, உணவுக்குழாய் நூல் மாதிரி சுருங்கிப்போச்சு. அதுக்கு மேல பை மாதிரி வீங்கியிருக்கு. உள்ள வெந்து புண்ணாகி, தழும்பு விழுந்திருக்கு."

"வெந்து!" டீச்சர் கதவைத் திறந்து தெருவைப் பார்த்துக் கத்தினார். "கேட்டீங்களா? தொண்டை வெந்திருக்காம்!"

வெளியே ஒரே கூச்சல். "அவன் கடையை உடைங்கடா!" என்றது ஒரு குரல்.

டாக்டர் கதவைச் சாத்தினார்.

"அவசரப்படாதீங்க டீச்சர். ஆசிட் நக்கியிருந்தா முதல்ல நாக்குதானே வேகணும்? நாக்கைப் பாருங்க, கீறல்கூட இல்ல. புண்ணு ஒரே ஒரு இடத்துலதான் இருக்கு. ஏதோ அங்க ஒட்டிக்கிட்டுக் கரைஞ்சிருக்கு. இதுக்கு யாராவது மாத்திரை குடுத்தாங்களா?"

"குடுத்தேனே! போன மாசம் தும்மிக்கிட்டே திரிஞ்சுது. மருந்துக் கடையில கேட்டு வாங்கி, நானே வாயைப் பிளந்து போட்டேன். இவனை மாதிரி வேடிக்கை பார்க்கச் சொல்றியா?"

"சளிக்குக் குடுக்கிற மஞ்சள் மாத்திரையா?"

"ஆமா."

"பின்னாலயே தண்ணி ஊத்தினீங்களா?"

"பூனைக்கு எதுக்குடி தண்..."

டீச்சர் பாதியில் நிறுத்தினார்.

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "தண்ணி இல்லாமப் போட்டா அந்த மாத்திரை பூனை வயித்துக்கு இறங்காம நின்னுடும். நெஞ்சுலயே கரைஞ்சு பொசுக்கிடும். நிறைய பேருக்கு இது தெரியாது, டீச்சர். சின்ன பலூனை உள்ள விட்டு விரிச்சுடலாம், பிழைச்சுக்கும். ஆனா இத்தனை நாள் எப்படித் தாங்குச்சுன்னுதான் புரியல. தண்ணியா இருந்தாத்தான் இந்தச் சந்து வழியா உள்ள போகும்."

ஷஹாத்தா தயங்கித் தயங்கி மேஜையருகே வந்தார்.

"மீன் தலையை வேகவச்சு வடிகட்டிக் குடுத்தேன் டாக்டர். கெட்டியா எது வச்சாலும் கக்குது, பாவம்."

டீச்சருக்குக் காதெல்லாம் சுட்டது. ஷஹாத்தாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வெளியே வந்ததும் காப்பிக்கடைக்காரர் முன்னால் பாய்ந்தார். "என்ன டீச்சர், போலீஸைக் கூப்பிடவா?"

டீச்சர் வாய் திறப்பதற்குள் ஷஹாத்தா முந்திக்கொண்டார்.

"ஆசிட் எல்லாம் இல்லப்பா. மீன் முள்ளு. நான் போட்ட மீன்ல இருந்த முள்ளு குத்திப் புண்ணாயிடுச்சு. என் தப்புதான். டீச்சர் நேரத்தோட கொண்டு வந்ததால ஃபில்ஃபில் பிழைச்சுக்கும். போங்க, அவங்கவங்க வேலையைப் பாருங்க."

டீச்சருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பொய்!" என்று அலறினார். "அத்தனையும் பொய்! ஒரு வார்த்தை நம்பாதீங்க!"

கலையப் போன கூட்டம் மறுபடி திரண்டது. முன்வரிசைப் பையன்கள் சட்டைக் கையை மடித்தார்கள்.

"சொல்லுங்க டீச்சர்! என்ன பண்ணினான் இவன்?"

"'பண்ணினான்' இல்லடா, 'பண்ணினார்'னு சொல்லு! சூப்பு ஊத்தி உயிரைக் காப்பாத்தினார். அந்தத் தொண்டையைப் பொசுக்கினது நான்!"