கேட்ட உடனே

நிலத்தடி நீர் ஆய்வு நிறுவனத்தின் முகநூல் பக்கத்தைப் பூங்கோதைதான் பார்த்துக்கொள்கிறாள். இயக்குநருக்குப் பொன்னாடை போர்த்தும் படத்தைப் போட்டாலும் சரி, அதன் கீழே கோமதிநாயகம் என்பவர் வந்துவிடுவார்: “எங்க ஊர்க் கெணத்துல தண்ணி மஞ்சளா வருது. எப்ப வந்து பாப்பீங்க?” மேலிடத்தில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவள், எல்லாக் கருத்துக்கும் தானாகவே பதில் போகும்படி போன வருடம் அமைத்துவிட்டாள். இன்று அவர் எழுதியிருந்தார்: “மேடம், கேட்ட ஒடனே பதில் சொல்றது நீங்க ஒருத்தர்தான். நாளைக்குப் பாட்டில்ல தண்ணி புடிச்சிக்கிட்டு நேர்ல வாரேன். வாசல்ல யார் பேரச் சொல்லணும்?” அவள் எழுதக் கைவைப்பதற்குள் பதில் போய்விட்டது: “உங்கள் கருத்துக்கு நன்றி. தொடர்ந்து இணைந்திருங்கள்.” கோமதிநாயகம் அதற்கு ஓர் இதயம் போட்டார்.