ஒரே பேருந்து

சாட்சிக் கூண்டிலிருந்து சண்முகத்தாய் கை நீட்டிக் காட்டிவிட்டாள்.

எதிரே நின்றவன் பரமகுரு. திருட்டு மணல் லாரியை மறித்த தலையாரி இருளப்பன்மேல் அதே லாரியை ஏற்றியவன். அவளுடைய ஊர்க்காரன்.

"இவருதான்யா ஓட்டுனாரு."

குரல் எழும்பவில்லை. நீதிபதி இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லச் சொன்னார்.

சொன்னாள்.

அவ்வளவுதான். போகலாம் என்றார்கள்.

வெளியே வெயிலில் கண் கூசியது. கோர்ட்டு, தாலுகா ஆபீஸ், கருவூலம், கிளைச்சிறை எல்லாம் ஒரே மதிலுக்குள் இருந்தன. சர்க்கார் என்று இருந்ததெல்லாம் அந்த மதிலோடு சரி. அதைத் தாண்டினால் ஒரு கடைத்தெரு. அப்புறம் கரிசல் காடு. அப்புறம் ஆறு. ஆற்றுக்கு அந்தப்புறம் அவள் ஊர்.

ஊருக்கு ஒரே பேருந்து.

பெண் போலீஸ் ஒருத்தி நிறுத்தம் வரை கூட வந்தாள். ஏதாவது என்றால் உடனே போன் பண்ணச் சொன்னாள். சண்முகத்தாய் தலையாட்டினாள். கடைத்தெரு தாண்டினால் சிக்னல் கிடைக்காது என்று அவளிடம் சொல்லவில்லை.

சொல்லி என்ன ஆகப்போகிறது.

ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

பரமகுருவின் அண்ணன் ஏறினான். அவன் பின்னால் இன்னும் சில பேர். அவளைப் பார்க்காமலே கடைசி இருக்கைக்குப் போனார்கள்.

பார்த்திருந்தால் தேவலை என்றிருந்தது.

ஊர்ப் பெண்களும் ஏறினார்கள். அவள் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார்கள். தள்ளிப் போய் நின்றுகொண்டார்கள்.

எந்த இடத்தில் வைத்துத் தன்னை முடிப்பார்கள் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. பாலத்துக்கு முன்னால் வரும் சரிவு. இரண்டு பக்கமும் சீமைக்கருவேல். இருளப்பன் கிடந்ததும் அங்கேதான்.

வண்டி கிளம்பும்போது செவ்வந்தி ஓடி வந்து ஏறினாள். பரமகுருவின் மனைவி. இடுப்பில் பெண் குழந்தை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே இவளிடம் வந்தாள்.

அறைவாள் என்று நினைத்தாள். முகத்தில் துப்புவாள் என்று நினைத்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

செவ்வந்தி குழந்தையை அவள் மடியில் வைத்தாள்.

"கொஞ்சம் வச்சுக்கங்க மதினி."

காலியிடத்தில் உட்காரவில்லை. அதை மறித்தாற்போல் பின்பக்கம் பார்த்து நின்றாள். இரண்டு கையாலும் இரண்டு பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஜாக்கெட் ஏறிய கையில், அடிபட்டுக் கன்றிய பழைய தடம் ஒன்று பச்சை நிறத்தில் தெரிந்தது.

சரிவு வந்தது.

பின்னாலிருந்து யாரோ வண்டியை நிறுத்தச் சொன்னார்கள். டிரைவர் வேகத்தைக் குறைத்தார். பேச்செல்லாம் அடங்கிப்போனது. செருப்புச் சத்தம் இருக்கைகளின் நடுவே வந்தது. செவ்வந்திக்கு முன்னால் வந்து நின்றது.

சண்முகத்தாய் நிமிரவில்லை.

"பிள்ள தூங்குறா, பெரியத்தான்." செவ்வந்தி சாதாரணமாகத்தான் சொன்னாள். "போய் உக்காருங்க."

அவள் நகரவில்லை. செருப்பும் நகரவில்லை.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். கியரை மாற்றினார். வண்டி மெதுவாகப் பாலத்தில் ஏறியது.

குழந்தை தூங்கவில்லை. கண்ணை அகல விழித்து, மேலே நிற்கிறவர்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது.

சண்முகத்தாய் உள்ளங்கையால் அதன் கண்களை மெல்ல மூடினாள்.