பால் பொங்கும் பக்கம்

மேலும் கீழுமாக மூன்று குடித்தனம் இருக்கிற வீட்டை அண்ணன் தம்பி மூவரும் சேர்ந்து வாங்கிவிட்டார்கள். கீழ்வீடு யாருக்கு என்பதுதான் முடிவாகவில்லை. மனைவிமார் மூவருக்கும் மூட்டுவலி. கிரகப்பிரவேசத்தன்று காலையிலும் அதே பேச்சு எழுந்ததும் நடு மருமகள் வடிவுக்குப் பொறுமை போய்விட்டது.

"பால் யாரு பக்கம் பொங்கி வழியுதோ, கீழ்வீடு அவங்களுக்கு. இதோட விடுங்க, தலை வெடிக்குது."

கேஸ் அடுப்பைச் சுற்றி மூவரும் நின்றார்கள். மூத்தவள் தெய்வானை பாத்திரத்தைத் தன் பக்கம் லேசாகச் சாய்த்தாள்.

"தொடாதீங்கக்கா, தொட்டா செல்லாது" என்று இளையவள் யமுனா அதை நிமிர்த்தினாள்.

"நீ மட்டும் தொடலாமாக்கும்?"

கணவன்மார் ஜன்னல் கம்பிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். பால் நுரைத்து விளிம்புக்கு ஏறியது. அவ்வளவுதான், எத்தனையோ வருஷம் பாலுக்குக் காவல் நின்று பழகிய மூன்று கைகளும் ஒரே நேரத்தில் அடுப்பை அணைக்கப் பாய்ந்தன. பால் யார் பக்கமும் போகாமல் அடங்கியது.

"அடக் கடவுளே! பால் காய்ச்சுற அன்னிக்குப் பொங்க விடாம யாராவது அணைப்பாங்களா? யாரு அணைச்சது?" என்று கத்தினார் தெய்வானையின் கணவர்.

யாரும் கையை எடுக்கவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக இருந்த கைகளுக்கெல்லாம் அடியில், அடுப்பின் குமிழை இறுகப் பிடித்திருந்தது வடிவின் கை.