சுங்கத்தில் தப்பிய புடவை

புருஷன் பெட்டியிலிருந்து எடுத்த புடவையை மூக்கருகே கொண்டுபோன பாஞ்சாலி, சட்டென்று அதைத் தூர எறிந்தாள். கரையில் அழுக்கு, முந்தானையில் எண்ணெய்ப் பிசுக்கு. எவளோ கட்டிக் கழித்த நைலான் புடவை!

நாலு வருஷம் பினாங்கில் இருந்துவிட்டு அன்று காலைதான் திருப்புலிவனத்தில் வந்து இறங்கியிருந்தான் அவள் புருஷன் கன்னியப்பன். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே வேட்டி அவிழ்ந்து, ஊரே சிரித்தது. கல்யாணப் பந்தலிலும் இதே கூத்துதான்.

"எவளுது இது? சொல்லு. இல்லேன்னா இப்பவே மாகறலுக்கு, எங்கம்மா வூட்டுக்குப் போறேன்!" மூட்டை தயாராகக் கையில் இருந்தது.

"ஒனக்குன்னே வாங்கின புதுசுடி! புதுசுன்னு தெரிஞ்சா மெட்ராஸ் ஹார்பர்ல வரி போட்டுத் தீட்டிடுவான். சொந்தமாப் பொழங்கின பழசுன்னா சும்மா வுட்டுடுவான். அதான் அழுக்காக்கினேன்."

"ஆம்பளைக்கு இன்னாத்துக்குப் பொடவைன்னு கஸ்டம்ஸ்காரன் கேக்கலியா மாமா?" என்றாள் பக்கத்து வீட்டு அம்முலு. உப்பு கேட்டு வந்தவள். அவள் வீட்டில் உப்பு தீர்ந்துபோவதெல்லாம் இப்படிப்பட்ட நாளில்தான்.

"கேட்டான். என் சம்சாரத்துது சார், நாலு வருசமா இதைப் போத்திக்கினுதான் தூங்கறேன்னேன். பாவம், அவனுக்கே கண்ணு கலங்கிடுச்சி!"

வாசலில் கூடிய கும்பல் கொல்லென்று சிரித்தது. பாஞ்சாலி மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப இதைக் கட்டி அழுக்காக்கினவ யாரு?"

கன்னியப்பன் நெளிந்தான். "கப்பல்ல ஏளு நாளும்... நாந்தான்டி கட்டிக்கினு இருந்தேன்."

"யாருகிட்ட கதை வுடற?" மூட்டை இடுப்புக்கு ஏறியது.

"நம்பலியா? இரு!"

புடவையை எடுத்து உதறினான். கொசுவம் ஏழும் விரலளவு பிசகாமல் மடிந்தன. செருகியது செருகியபடி நின்றது. முந்தானை தோளில் போய்ப் பதவிசாகப் படிந்தது. கண்மூடித் திறப்பதற்குள் கட்டி முடித்து, ஒரு சுற்றுச் சுற்றியும் காட்டினான்.

"மெய்தாங்க்கா! பாவம், மாமா ஒனக்காக இன்னா பாடு பட்டுக்கீது பாரு!" அம்முலு கை தட்டினாள்.

பாஞ்சாலிக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மூட்டையை இறக்கிவிட்டு ஆசையாகக் கிட்டே போனாள். மடிப்பு மடிப்பாகத் தொட்டுப் பார்த்தாள். நாலாவது மடிப்பில் சிரிப்பு நின்றது.

"இவ்ளோ அளகா கொசுவம் வெக்க, எவய்யா ஒனக்குச் சொல்லிக்குடுத்தா?"